அம்மா என்னை ‘சார்’ என்று அழைத்த நாள்

வேலைக்கான உத்தரவு கையில் வந்த அன்று அம்மாவிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, “இனிமே நீ ஒரு வேலையும் செய்யக் கூடாது” என்பதுதான். எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தைந்து வயது. விவசாயிகளுக்கு விதை கொடுக்கும் அரசு அலுவலகம் ஒன்று விழுப்புரத்தில் இருந்தது. அதில் இளநிலை உதவியாளர் வேலை. திண்டிவனத்தில் நாங்கள் இருந்த தெருவில் அரசாங்கச் சம்பளம் வாங்கப்போகும் முதல் ஆள் நான்தான்.

அந்தத் தெரு மண்டிகளுக்குப் பின்னால் இருந்தது. அப்பா மண்டியில் மூட்டை தூக்கினார். அம்மா மல்லாட்டை உடைத்தாள். நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். எண்ணெய்க்குப் போகும் மல்லாட்டையை மெஷினில் போட்டு உடைத்துவிடலாம். விதைக்குப் போவதைக் கையால்தான் உடைக்க வேண்டும். பருப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் முளைக்காது. அதற்கென்று கிடங்குகளில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அம்மா கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அந்த வட்டத்தில் உட்கார்ந்தவள். அவளுடைய கட்டைவிரல் நகங்கள் இரண்டும் தேய்ந்து, சதைக்குள் புதைந்து கிடக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அவள் என் தலையை வாரிவிட்டால் அந்த விரல் நெற்றியில் உரசும். சொரசொரவென்றிருக்கும். நான் பத்தாவது படிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன், இந்த விரல்களுக்கு ஒருநாள் ஓய்வு கொடுப்பேன் என்று.

அப்பா அதைப் பார்க்கவில்லை. எனக்கு வேலை கிடைப்பதற்கு முந்தைய வருஷம் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார்.

விழுப்புரத்தில் புதிதாக வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த ஒரு பகுதியில் வாடகைக்கு வீடு பிடித்தேன். சுற்றிலும் உத்தியோகஸ்தர்கள். ஒரு பக்கம் ரெயில்வேக்காரர், இன்னொரு பக்கம் ஓர் எழுத்தர், எதிர்வீட்டில் ஒரு வாத்தியார் குடும்பம். குடிபோன வாரத்தில் எதிர்வீட்டு அம்மாள் கேட்டார், “ஊர்ல நிலம் கிலம் இருக்குதுங்களா?” நான் யோசிக்கவேயில்லை. “கொஞ்சம் இருக்குதுங்க” என்றேன். பக்கத்தில் நின்ற அம்மா என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நான் பொருள்களாக வாங்கினேன். முதலில் கேஸ் அடுப்பு. அது வந்த அன்று அம்மா அதை ஏற்றி ஏற்றி அணைத்துப் பார்த்தாள். நீல நெருப்பு வட்டமாக எழும்பும்போதெல்லாம் “அடி ஆத்தாடி” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பத்து நாள் கழித்து, சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள், “இதுல ஆக்குனா ஜல்தியா முடிஞ்சிடுதுடா. ஒம்போது மணிக்கெல்லாம் எல்லாம் ஆயிடுது. அப்புறம் இன்னா பண்றது?”

“ஒண்ணும் பண்ணாத. கால நீட்டி உக்காரு.”

“எம்மாம் நேரம் உக்காருவேன்?”

அடுத்து மிக்சி வாங்கினேன். அது போடும் சத்தத்துக்குப் பயந்து இரண்டு நாள் தள்ளி நின்று தொட்டாள், பிறகு பழகிவிட்டாள், பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இரும்பு பீரோ வந்தது. அதில் வைக்க அம்மாவிடம் ஏழு புடவைகள்தான் இருந்தன. ஒவ்வொரு பொருளும் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி எங்கள் தெருவுக்குள் வரும்போது, நான் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவேன். அந்த நூறு அடி தூரம் நான் தரையில் நடக்கவில்லை. ஆனால் ஒரு மாதம் போவதற்குள் அந்தப் பொருள் சுவரோடு சுவராகிவிடும். உடனே கடைத்தெருவுக்குப் போய் அடுத்து எது என்று பார்ப்பேன். அம்மாவுக்காகத்தான் பார்க்கிறேன் என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

கடைசியாக டிவி. மாடியில் உயரமான குழாயை நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, ஒருவன் மேலே நின்று திருப்ப, நான் கீழேயிருந்து “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று கத்தினேன். புள்ளி புள்ளியாகக் கொட்டிக்கொண்டிருந்த திரையில் திடீரென்று ஒரு பெண் தோன்றிச் செய்தி வாசித்தாள். அம்மா சட்டென்று முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள், அந்தப் பெண் தன்னையே பார்க்கிறாள் என்று. தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள்.

மூன்று வாரம். அதற்குப் பிறகு நான் அலுவலகம் விட்டு வரும்போது டிவி ஓடிக்கொண்டிருக்கும், அம்மா அதன் எதிரில் சுவரில் சாய்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். “இன்னாமா ஓடுது?” என்று கேட்டால், “என்னமோ ஓடுது” என்பாள். சாப்பாடு இறங்கவில்லை என்றாள். மூட்டு வலிக்கிறது என்றாள். நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவளுக்கு மூட்டு எப்படி வலிக்கும் என்று எனக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்ச் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு, கோடை முற்றிய சமயத்தில், அம்மாவின் முகம் தெளிந்தது. நன்றாகச் சாப்பிட்டாள். சாயங்காலம் நான் வரும்போது தலைக்குக் குளித்து, சுறுசுறுப்பாகக் காப்பி போட்டுக் கொடுத்தாள். மூட்டு வலியைப் பற்றிப் பேசவில்லை. ஒன்றிரண்டு தடவை நான் வந்த பிறகே அவள் வந்தாள். “மயிலம் மலை முருகன் கோயிலுக்குப் போயிட்டு வர்றேன்டா” என்று என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். எனக்கு ஏக மகிழ்ச்சி. மாத்திரை வேலை செய்கிறது என்று நினைத்தேன். டிவி பழகிவிட்டது என்றும் நினைத்தேன். வலது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்ததை ஒருநாள் பார்த்தேன். “அருவாமணையில பட்டுடுச்சி” என்றாள். பார்த்துச் செய்யக் கூடாதா என்று கடிந்துகொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். எல்லாம் கண்ணெதிரே இருந்தது. எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்பது இன்றும் எனக்குத் திகைப்பாக இருக்கிறது.

ஆடிப் பட்டத்துக்கு விதை மல்லாட்டை கொடுத்தாக வேண்டும். அதை உடைத்துத் தரும் பொறுப்பைத் திண்டிவனத்தில் ஒரு வியாபாரி எடுத்திருந்தார். சரக்கு வருவது தாமதமாகவே, எங்கள் அதிகாரி நேரில் பார்த்துவிடலாம் என்று ஜீப்பை எடுக்கச் சொன்னார். எழுதுவதற்கு என்னை அழைத்துக்கொண்டார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஓய்வுபெற நாலைந்து வருஷம் இருந்தவர், அதிகம் பேசமாட்டார். திண்டிவனம் என்றதும் எனக்குப் பயம் வந்தது. பழைய தெருவில் யாராவது அடையாளம் கண்டு கூப்பிடுவார்களோ என்றுதான். ஆனால் கிடங்கு இருந்தது ஊருக்கு வெளியே, செஞ்சி ரோட்டில், புதிதாகக் கட்டிய கட்டடம். அங்கே என்னை யாருக்கும் தெரியாது என்று தைரியப்படுத்திக்கொண்டேன்.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். ஜீப்பிலிருந்து இறங்கி வாசலை நோக்கி நடந்தோம். உள்ளே பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அது அடங்கியதும், என் அப்பாவின் குரல் கேட்டது.

“ஏய், சொம்புல தண்ணி இருக்குதா? இல்ல, நான் ஏரிக்குப் போய் மொண்டுகினு வரட்டுமா?”

அந்தக் கரகரப்பு, அந்த இழுப்பு, முடிவில் வரும் மூன்று இருமல்கள். மூட்டை தூக்கிவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது தினமும் அப்பா கேட்கும் கேள்வி அது. இறந்து இரண்டு வருஷம் ஆகிவிட்ட மனிதர். வெயில் கொளுத்திய அந்தப் பகலில் நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அதிகாரி முன்னால் போய்விட்டார். உள்ளேயிருந்து மறுபடியும் சிரிப்பு வெடித்தது. கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

பதினைந்து இருபது பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மல்லாட்டைக் குவியல். தோலின் சிவப்புத் தூசி ஜன்னல் வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருந்தது. எனக்கு நேர் எதிரில் என் அம்மா உட்கார்ந்திருந்தாள். தோளில் துண்டைப் போட்டு, கழுத்தைக் கோணி, கண்ணை இடுக்கிக்கொண்டு அப்பாவாகவே இருந்தாள். அவளைச் சுற்றி இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டே, “போதும்டி, வயிறு நோவுது” என்றாள். அதைக் கேட்டு அம்மாவும் சிரித்தாள். வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டை தெரியச் சிரித்தாள். இருபத்தைந்து வருஷம் அவள் வயிற்றுப் பிள்ளையாக இருந்தும் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. அவளுக்கு இன்னொருவர் குரலில் பேச வரும் என்பதே எனக்குத் தெரியாது.

அதிகாரியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எல்லோரும் தலை குனிந்து உடைக்க ஆரம்பித்தார்கள். அம்மா நிமிர்ந்தாள். அதிகாரியைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். அவள் முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, மற்றவர்களைப் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வியாபாரி முப்பது பேர் உடைக்கிறார்கள் என்று எழுதி அனுப்பியிருந்தார். அதிகாரி எண்ணிப் பார்த்தார், இருபதைத் தாண்டவில்லை. “எல்லார் பேரையும் கேட்டு எழுதிக்கப்பா” என்று என்னிடம் சொன்னார். நான் நோட்டைத் திறந்தேன். இந்தக் கோடியிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தேன். என் குரல் எங்கிருந்தோ வருவதுபோல் இருந்தது. அம்மாவின் முறை வந்தது.

“உங்க பேரு?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்து ஒரு பெயரைச் சொன்னாள். அது அவள் பெயர் இல்லை. எங்கள் பழைய தெருவில் தண்ணீர்க் குழாயடியில் அவளோடு தினமும் சண்டை போடும் ஒரு பெண்ணின் பெயர். “எழுதிக்கிங்க சார்” என்றாள்.

பேனா என் கையிலிருந்து நழுவி மல்லாட்டைக் குவியலில் விழுந்தது. அவள்தான் எடுத்துத் தூசியைத் தட்டிக் கொடுத்தாள். அப்போது அந்த விரல் என் விரலில் பட்டது.

அதிகாரி பக்கத்தில் வந்து நின்றார். “நல்லா உடைக்கிறீங்களேம்மா. ஒரு பருப்புகூட கீறல. எத்தனை வருஷமா செய்றீங்க?”

“கல்யாணம் ஆன நாள்லேருந்து, சார்.”

“பிள்ளைங்க இருக்காங்களா?”

“ஒரு பையன், சார். நல்ல வேலையில இருக்கறான்.”

“அப்புறம் ஏன் இங்க வந்து உட்கார்றீங்க? பார்த்துக்கலையா?”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க சார். ராணி மாதிரி வெச்சிகினு இருக்கறான். எனக்குத்தான் இவளுங்களப் பாக்கலன்னா பொழுது போவாது.” பக்கத்திலிருந்த கிழவியை முழங்கையால் இடித்தாள். கிழவி என்னையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்னை நன்றாகத் தெரியும். சின்ன வயதில் என் மூக்கைத் துடைத்துவிட்டவள் அவள். அங்கே பாதிப் பேருக்கு என்னைத் தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளாமலே, அத்தனை பேரும் என்னைத் தெரியாதவர்கள் ஆகிவிட்டார்கள்.

நான் அடுத்த ஆளிடம் நகர்ந்து, “உங்க பேரு?” என்று கேட்டேன்.

ஜீப் கிளம்பியபோது நான் என்ன உணர்ந்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். எனக்கு நிம்மதியாக இருந்தது. தப்பித்துவிட்டேன் என்ற நிம்மதி. காற்று முகத்தில் அடித்தது, வெயிலில் குளிர்ந்த தண்ணீர் குடித்ததுபோல இனித்தது. கூட்டேரிப்பட்டு வரைக்கும் அந்த இனிப்பு இருந்தது. அங்கே மயிலத்துக்குத் திரும்பும் சாலையில், பேருந்துக்காகப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். திருநீறு பூசிய நெற்றிகள். அதைப் பார்த்ததும் அம்மா எனக்குப் பூசிவிட்ட திருநீறு நினைவுக்கு வந்து, அந்த இனிப்பு போய்விட்டது. என்னைப் பெற்றவளிடம் நான் பெயர் கேட்டிருக்கிறேன். அவள் என்னை சார் என்று அழைத்திருக்கிறாள். அதிகாரி பக்கத்தில் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா எனக்கு முன்னால் வந்து, காப்பியோடு காத்திருந்தாள். டம்ளரை நான் வாங்கவில்லை.

“எத்தினி நாளா போய்க்கினு இருக்கற?”

“சித்திரையிலருந்து.”

“தினமுமா?”

“நீ போனதும் பஸ் ஏறுவேன். நீ வர்றதுக்குள்ள வந்துடுவேன்.”

“உனக்கு இங்க இன்னா கொற? எது இல்ல சொல்லு. நாலு பேரு பாத்தா என்னைப் பத்தி இன்னா நினைப்பாங்க?”

“அதுக்குத்தான்டா வேற பேரு சொன்னேன்” என்றாள் அமைதியாக.

எனக்குக் கோபம் அதிகமாயிற்று. “அப்பா மாதிரி பேசிக் காட்டுற. செத்துப்போன மனுஷன வெச்சி ஊரே சிரிக்குது. உனக்கு மனசு வருதா?” என்று கத்தினேன்.

அம்மா தரையில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு, “இங்க உக்காந்து நெனச்சா, அவரு செத்தாரு பாரு, அந்த நாளுதான்டா கண்ணு முன்னால வருது. மூச்சு உட முடியாம கெடந்தாரே, அதான் வருது. அங்க அவளுங்க கேப்பாளுங்க. நான் செய்வேன். அப்போ அவரு நல்லா இருந்த நாளாட்டம் வந்து உக்காருவாரு” என்றாள்.

“இனிமே போவாத” என்றேன்.

“சரிப்பா” என்றாள்.

அம்மா போகவில்லை. சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு. மூன்று வாரம் வீட்டிலேயே இருந்தாள். நேரத்துக்குச் சமைத்தாள், துவைத்தாள், வாசல் தெளித்தாள். என்மேல் கோபமும் காட்டவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. டிவியில் பாட்டு ஓடும், அம்மா அதைப் பார்த்தபடி இருப்பாள். “பாட்டு நல்லாருக்குதா?” என்று கேட்பேன். “நல்லாத்தான் இருக்குது. ஆனா நாம இருந்தாலும் பாடுது, எழுந்து போனாலும் பாடுது” என்றாள் ஒருநாள். கிடங்கில் அவள் எழுந்து போனால் வட்டத்தில் ஓர் இடம் காலியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கட்டைவிரல் காயம் ஆறி, தோல் மிருதுவாகியிருந்தது. நான் பத்தாவது படிக்கும்போது ஆசைப்பட்ட விரல் அதுதான். அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “அப்பா மாதிரி ஒருவாட்டி பேசேன்மா.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். தோளில் துண்டைப் போட்டாள். தொண்டையைச் செருமினாள். வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். “இங்க வராதுடா” என்றாள். சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பாவின் குரலை நான் கேட்க வேண்டுமானால் அதற்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அதைப் பூட்டியது நான்.

மறுநாள் அலுவலகத்தில் அதிகாரியின் அறைக்குள் போனேன். நாற்காலியைக் காட்டினார். உட்காரவில்லை. “சார், அன்னைக்குத் திண்டிவனத்துல எழுதுனேனே, அதுல ஒரு பேரு தப்பு” என்று ஆரம்பித்தேன்.

“உங்க அம்மா பேரு” என்றார் அவர்.

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

“அவங்க மூக்குதான்ப்பா உனக்கும். நீ பேனாவை வேற கீழே போட்ட. ஜீப்புல சொல்லுவ, சொல்லுவன்னு விக்கிரவாண்டி வரைக்கும் பார்த்துக்கிட்டே வந்தேன். சொல்லல. சரி, சின்ன வயசு, சொல்ற அன்னைக்குச் சொல்லட்டும்னு விட்டுட்டேன்.”

தப்பித்துவிட்டேன் என்று நான் காற்று வாங்கிக்கொண்டு வந்த அந்த நேரம் முழுக்க, பக்கத்தில் ஒரு மனிதர் நான் வாய் திறப்பேன் என்று காத்துக்கொண்டே வந்திருக்கிறார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “உட்காரு, தண்ணி குடி” என்றார். குடித்தேன். “பேரை மாத்தி எழுதிடு” என்று சொல்லிவிட்டுக் கோப்பைப் புரட்ட ஆரம்பித்தார்.

அடுத்த நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, “கெளம்பு, திண்டிவனம் போலாம்” என்றேன். அம்மா நம்பவில்லை. “யாருக்கு இன்னா ஆச்சி?” என்று பதறினாள். யாருக்கும் ஒன்றும் இல்லை என்று புரிய வைக்க நேரமாயிற்று. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கை இறுகப் பிடித்தபடியே வந்தாள். நான் மனசு மாறி வழியில் இறக்கிவிடுவேன் என்று பயந்தாளோ என்னவோ.

கிடங்கு வாசலில் அவளைப் பார்த்ததும் உள்ளே கூச்சல் எழுந்தது. பின்னால் என்னைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு, மறுபடியும் என்னைத் தெரியாதவர்கள் ஆனார்கள். நான் உரக்கச் சொன்னேன், “அம்மாவ உட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

அந்தக் கிழவிதான் முதலில் பேசினாள். “வா தம்பி, உக்காரு. அன்னிக்கி நோட்டு புஸ்தகத்தோட வந்தியே, நாங்க எவளாச்சும் வாயத் தொறந்தோமா பாரு?”

“இல்ல” என்றேன்.

அம்மாவின் இடம் காலியாகவே இருந்தது. மூன்று வாரமும் யாரும் அதில் உட்காரவில்லையாம். அவள் போய் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து வைத்திருந்த மல்லாட்டையில் ஒரு கையளவு அள்ளி, உடைக்க ஆரம்பித்தாள். டக், டக், டக் என்று சீராக ஓசை வந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்து அழுத்தினேன். உடையவில்லை. பலமாக அழுத்தினேன். பருப்போடு சேர்ந்து நசுங்கியது. இளம்பெண் ஒருத்தி, “சார் வித மல்லாட்டையக் கொல்றாரு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கிழவி அம்மாவின் தொடையைத் தட்டினாள். “உன் புள்ள வந்துகிறான் இல்ல? அவன மாதிரி செய்யேன்டி.”

“சும்மா இரு” என்றாள் அம்மா.

“தினம் செய்வியே, இன்னிக்கி இன்னா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னைப் போலவும் செய்வாளா? அம்மா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் முதுகை நிமிர்த்தினாள். சட்டைக் காலரை இழுத்துவிடுவதுபோல் கழுத்தைத் தொட்டாள். இல்லாத பேனாவைப் பையில் சரிசெய்தாள். பிறகு மூக்கால், கொஞ்சம் அவசரமாக, “இனிமே நீ ஒரு வேலையும் செய்யக் கூடாது. புரிதா? ஒண்ணும் பண்ணாத. கால நீட்டி உக்காரு” என்றாள்.

அது நான்தான். என் குரல் அப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. ஓர் அதிகாரி உத்தரவு போடுவதுபோல் இருந்தது. அம்மாவுக்கு நான் கொடுத்த பெரிய பரிசு அவள் காதில் இப்படித்தான் விழுந்திருக்கிறது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முதலில் எனக்கு முகம் சுண்டியது. அப்புறம் வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி வந்தது. நான் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அம்மா என்னைப் பார்த்துத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள், அன்று வாசலில் நின்று நான் பார்த்தேனே, அதே போல. அந்தப் பகலில் எனக்கு வந்த சந்தோஷத்துக்கு நான் எதையும் வாங்கியிருக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அது சுவரோடு சுவராகவில்லை. நினைத்தால் இன்றும் விலா நோகிறது.

அதற்குப் பிறகு அம்மா மறைக்காமல் போனாள். விதைக் காலம் முடிந்த மாதங்களில் அதே கூட்டம் புளி தட்டிக் கொட்டை எடுத்தது, அதற்கும் போனாள். எனக்குக் கல்யாணமாகி, என் மனைவி வந்த பிறகும் போனாள். காலையில் தூக்கை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கி, தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே நடப்பாள்.

அம்மா அப்படி இறங்கிப் போன முதல் நாள் எதிர்வீட்டு அம்மாள் திகைத்துப்போய் என்னைக் கேட்டார், “உங்க அம்மா எங்கங்க போறாங்க?”

“மல்லாட்டை உடைக்கப் போறாங்க” என்றேன். “எங்களுக்கு நிலமெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க.”

அவர் உள்ளே போய்விட்டார். பத்து நாள் எங்களோடு பேசவில்லை. அவருடைய பிள்ளைகள் இருவரும் வெளியூரில் இருந்தார்கள். வாத்தியார் பள்ளிக்கூடம் போய்விட்டால் அந்த அம்மாள் வீட்டில் தனியாகத்தான் இருப்பார். பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, அம்மா தூக்கோடு கிளம்பும்போது வாசலுக்கு வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “நானும் ஒரு நாள் வரட்டுங்களா? சும்மா பாக்கத்தான்” என்றார்.

அம்மா அழைத்துப்போனாள். அவர் மூன்று நாள் போனார். நாலாம் நாள், விரல் எரிகிறது, அங்கே பேசுவதும் தனக்குப் பாதி புரியவில்லை என்று நின்றுவிட்டார். நான் அதைச் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

“அவங்களுக்குப் பொழுது போற எடம் அது இல்லடா. அவங்களுக்குன்னு வேற எதுனா இருக்கும்” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாக நடந்தாள்.